வெளியே போன தண்டனை உதை

தம்பிமாரே, போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து நீங்கள் மைதான ஓரத்தில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருவர், ஆட்டம் பார்க்க வந்திருந்த என்னிடம் வந்து காதோடு கேட்டார்: "சேர், உவன் வேணுமெண்டுதான் வெளியாலை அடிச்சவனோ?"

'உவன்' என்றது உங்கள் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் பெடியனை. முன்பு தான் விளையாடிய கழகத்துக்கு எதிராகக் கிடைத்த தண்டனை உதையை அவன் கோலுக்கு வெளியே அடித்துவிட்டான். நீங்கள் தோற்றீர்கள். நான் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்தக் கேள்வி முன்பும் என் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்போது அது என்னைப் பற்றிய கேள்வி.

உங்களைப் போலவே நானும் பந்துக்காக வேலை கிடைத்தவன். உங்களுக்கு அலுவலகத்தில் மேசையும் கதிரையும் தந்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டில். ஐம்பதுகளின் நடுவில், கீரிமலையிலிருந்து கடலோரமாகக் கிழக்கே நடந்தால் வரும் எங்கள் ஊருக்கு ஒரு நாள் மாலை ஒரு முதலாளி காரில் வந்து இறங்கினார். நாங்கள் கரை மணலில் வெறுங்காலோடு விளையாடிக்கொண்டிருந்தோம். அவருக்குச் சுருட்டு வியாபாரமும் உதைபந்தாட்டமும் இரண்டு கண்கள். ஆட்டம் முடியும் வரை குடையை ஊன்றிக்கொண்டு நின்றவர், என்னைக் கூப்பிட்டார்.

"சுருட்டுச் சுத்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"புகையிலையிலை காம்பு கிழிக்க?"

"அதுவும் தெரியாது. கடலுக்குப் போறனான்."

"வாசிக்கத் தெரியுமோ?"

"எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான்."

"அது காணும். வந்து பேப்பர் வாசி."

உங்களுக்கு இது விளையாட்டாக இருக்கும். அந்த நாளில் சுருட்டுக் கொட்டில்களில் வாசிப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். வரிசையாகச் சப்பாணி கட்டி இருந்து சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கையும் கண்ணும் புகையிலையில். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குக் காலையில் பத்திரிகை, மத்தியானத்தில் தொடர்கதை. அதற்கு உட்கார ஒரு வாங்கில், வாசிக்க ஒரு ஆள். அந்த வாங்கிலில் எனக்கு முன்னால் இருந்தவர் என்னைவிட நன்றாக வாசிப்பார். நான் வந்ததால் அவர் காம்பு கிழிக்கப் போனார். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நானாகத்தான் தெரிந்துகொண்டேன். அன்று நான் வாசித்தது என் காதுக்கே ஏறவில்லை.

எங்கள் அணியில் மற்றவர்கள் எல்லோரும் உண்மையாகவே சுருட்டுச் சுற்றுகிறவர்கள். சுற்றினால்தான் கூலி. பின்னேரம் பயிற்சிக்கு எழும்ப வேண்டுமானால் விடிய முதல் வந்து அன்றைய சுருட்டை முடித்துவைக்க வேண்டும். நானோ காலைக் கோச்சியில் ஆறுதலாக ஸ்டேசனில் வந்து இறங்கி, வாசித்து முடித்ததும் வேலிக் கரையில் வேப்ப மரத்துக்குக் கீழே துவாயை விரித்துப் படுத்துவிடுவேன். பந்து விளையாடத்தானே கொண்டுவந்தார்கள், காலுக்கு ஆறுதல் கொடுக்க வேண்டாமா என்பது என் நியாயம்.

அணித்தலைவரும் சுருட்டுச் சுற்றுகிறவர்தான். பின்வரிசையில் விளையாடுவார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும், அதனால் எனக்கு அண்ணை. வெற்றிலைச் சிவப்பு வாய், அதிகம் கதைக்காத மனிதர். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்தவர், படுத்திருந்த என் காலடியில் நின்றார்.

"தம்பி, நீ படுத்திருக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா உள்ளை இருந்து பாக்கிற ஆக்களுக்கு உன்ரை கால் மட்டுந்தான் தெரியுது."

எனக்குக் கோபம் வந்தது. இவர் யார் எனக்குச் சொல்ல என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் எழும்பிப் போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளி வரிசை வரிசையாகக் கொடுத்தேன். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, செம்பை வாங்கிக் குடித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு மைதானத்தில் எனக்குப் பந்து கூடுதலாக வரத் தொடங்கியது. உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு வேலை இல்லாத நேரங்களில் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சப்பாத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். முதலாளி எனக்கு வாங்கித் தந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முதல் ஆட்டத்தில் இறங்கியபோது கால் இரண்டும் வேறு யாருடையதோ போல் இருந்தது. ஓடினால் நிற்காது, நின்றால் ஓடாது. இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் விழுந்ததும் கழற்றி எல்லைக்கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு வெறுங்காலோடு விளையாடினேன். சனம் கைகொட்டிச் சிரித்தது. ஒரு சப்பாத்து முதலாளியின் காலடியில் போய் விழுந்திருந்தது. அடுத்த இரண்டு ஆட்டம் அவர் என்னை வெளியே இருத்தினார். பிறகு பழகிக்கொண்டேன் என்றாலும், கால் மட்டும் கடைசிவரை மணற்கால்தான். மணலில் கடைசி அடி வைக்கும்போதும் மனதை மாற்றலாம், மணல் இடம் கொடுக்கும். சப்பாத்தும் கட்டாந்தரையும் கொடுக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சுற்றுப்போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே வந்து நின்றது என் சொந்த ஊர். அவர்களுடைய கோல்காப்பாளர் என் மச்சான், என் தங்கச்சியின் புருஷன். சின்ன வயதிலிருந்தே கரை மணலில் நான் அடிக்க அவன் பிடிப்பான், அவன் பிடிக்க நான் அடிப்பேன். என் கால் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது என்னைவிட அவனுக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் முழுவதும் ஊரில் என் தங்கச்சியைக் கொட்டில்காரன்ரை தங்கச்சி என்று கூப்பிட்டார்கள். கிணற்றடியில் அவள் வாளியை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் வாளியைத் தள்ளி வைத்தார்களாம். வீட்டில் பந்தைப் பற்றிக் கதைப்பதில்லை என்று நானும் மச்சானும் சொல்லாமலே ஒரு ஒப்பந்தம். நான் சாப்பிட இருந்தபோது தங்கச்சி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணை, உங்களுக்குச் சம்பளம் தாற ஆக்களுக்கு நீங்கள் நேர்மையா விளையாடுங்கோ. ஆனா கோல் அடிச்சா மட்டும் சிரிச்சுப்போடாதேங்கோ."

மச்சான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். நான் ஓம் என்றேன்.

கொட்டிலில் வேறு கதை நடந்தது. என்னை வெளியே இருத்தச் சொல்லி முதலாளி அணித்தலைவரிடம் பிடிவாதமாக நின்றார். அதை நான் என் காதாலேயே கேட்டேன். அவருடைய அறைக்கும் வாசிக்கிற வாங்கிலுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தட்டிதான்.

"ஊர்ப்பாசம் பொல்லாத சாமான். உவனை அண்டைக்கு வெளியிலை வை."

"அவன் அப்பிடிப்பட்டவன் இல்லை, முதலாளி."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். பிழைச்சா என்னைக் கேளுங்கோ."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பத்திரிகையில் எந்த வரியில் நின்றேன் என்பதையே மறந்துவிட்டேன். எனக்காக ஒரு மனிதன் தன் வாக்கைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான்: நான் நேர்மையானவன் என்பதை எல்லோரும் பார்க்கும்படி காட்டவேண்டும். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. நேர்மையாக விளையாடுவது வேறு. நேர்மையை எல்லோருக்கும் காட்டுவதற்காக விளையாடுவது வேறு. இரண்டாவது ஆளுக்குப் பந்தில் கண் இருக்காது, சனத்தின் முகத்தில்தான் கண் இருக்கும்.

ஆட்டம் கடைசிக் கட்டம்வரை கோல் இல்லாமலே போனது. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்க, எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் கோலடியில் பந்தைக் கையால் தட்டிவிட்டான். மத்தியஸ்தர் விசில் ஊதினார். தண்டனை உதை. வழக்கமாக அதை அடிப்பவன் நான்தான். ஒரு பக்கம் கொட்டில்காரர், மறுபக்கம் என் ஊர் முழுவதும். நான் பந்தை எடுக்கக் குனிந்தபோது அணித்தலைவர் எனக்கு முதலே அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"இதை நான் அடிக்கிறன், தம்பி."

"ஏன் அண்ணை, என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கை இருக்கிறபடியால்தான் சொல்லுறன். நீ இதுக்கை நிக்கத் தேவையில்லை. போய்ப் பின்னாலை நில்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார். அடித்தாலும் பழி, அடிக்காவிட்டாலும் பழி என்கிற இடத்திலிருந்து என்னை வெளியே எடுக்கத்தான் பார்த்தார். ஆனால் எனக்கு அப்போது அது அவமானமாகப் பட்டது. பந்தை அவருடைய கையிலிருந்து பறித்தேன். ஆம், பறித்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மச்சான் கோலுக்கு நடுவில் முழங்காலை மடக்கி நின்றான். அவன் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது, பார்த்தேன். நான் எப்போதும் அடிப்பது அவனுடைய இடப்பக்கம். அது அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஓடினேன். நான் காலை ஓங்க முதலே அவன் இடப்பக்கம் பாய்ந்துவிட்டான். வலப்பக்கம் முழுக் கோலும் திறந்து கிடந்தது. ஒரு சின்னப்பிள்ளை தட்டிவிட்டாலும் போயிருக்கும். கடைசி அடியில் மனதை மாற்றினேன். இடுப்புத் திரும்பியது, ஊன்றிய கால் திரும்பாமல் வழுக்கியது. பந்து வலப்பக்கக் கம்பத்துக்கும் வெளியே, வெகு தூரம் வெளியே, தேங்காய்ச் சிரட்டை உருளுவது போல் உருண்டு போனது.

கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால்கூட இந்தக் கதை இல்லை. காப்பாளர் மறுபக்கம் விழுந்து கிடக்க, திறந்த கோலுக்கு வெளியே உருட்டிவிட்டவனை யார் நம்புவார்கள்? நான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒரு கோல் அடித்தார்கள். ஆட்டம் முடிந்தது. நான் இருந்த இடத்திலேயே குந்திவிட்டேன். ஊர்ச்சனம் மைதானத்துக்குள் இறங்கி ஓடிவந்தது. தங்கள் ஆட்களைத் தூக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நேரே வந்து என்னைத் தூக்கினார்கள். தோற்ற அணியின் சட்டையோடு வென்ற ஊரின் தோளில் நான் இருந்தேன்.

"விடுங்கோடா, நான் வேணுமெண்டு அடிக்கேல்லை. பிழைச்சுப்போச்சு."

"ஓமோம். அப்பிடித்தான் சொல்லவேணும்," என்று கீழேயிருந்து ஒருவர் சிரித்தார். "வேறை எப்பிடிச் சொல்லுறது? உனக்கு வேலை இருக்கல்லோ."

அந்த உயரத்திலிருந்து மைதானம் முழுவதும் தெரிந்தது. எங்கள் அணித்தலைவர் தனியே குனிந்து, நாங்கள் எறிந்துவிட்டுப் போயிருந்த தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பிமாரே, என் வாழ்க்கையில் நான் நின்ற இடங்களிலே மிகக் கேவலமான இடம் அந்தத் தோள்தான்.

அடுத்த நாள் விடிய எங்கள் வீட்டுக்கு மீன் வந்தது. விளைமீனும் பாரையும், வள்ளம் கரை சேரச் சேர ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓலைப் பறியில் வந்தது. கிணற்றடியில் தங்கச்சிக்குத்தான் முதல் வாளி. அவள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் இருந்தது. நான் மச்சானைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"உனக்குத் தெரியும். நீ நிலத்திலை கிடந்து பாத்தனி. என்ரை கால் பிழைச்சதுதானே?"

"ஓம் மச்சான். ஊண்டின கால் வழுக்கினதைக் கண்டனான்."

"அப்ப வந்து கொக்குவிலிலை சொல்லு. ஒரே ஒரு மனிசனுக்குச் சொல்லு."

அவன் கிணற்றடிப் பக்கம் பார்த்தான். பிறகு, "இஞ்சை இவள் இப்பதான் தலை நிமிந்து தண்ணி அள்ளுறாள். நான் அங்கை போய்ச் சொன்னா நாளைக்கு இஞ்சை வந்திடும். என்னைக் கேக்காதை" என்றான்.

அவனிலும் பிழை இல்லை. குசினியில் தங்கச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாடிக்கொண்டு மீன் வெட்டி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கொட்டிலுக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், போகாவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும். வாங்கிலில் இருந்து பத்திரிகையை விரித்தேன். உள்நாட்டுச் செய்தி வாசித்தேன், வெளிநாட்டுச் செய்தி வாசித்தேன், மரண அறிவித்தலும் வாசித்தேன். வழக்கமாக விளையாட்டுப் பக்கம்தான் முதலில் வாசிப்பேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"விளையாட்டுப் பக்கம் இண்டைக்கு அச்சடிக்கேல்லையோ?"

வாசித்தேன். என் பெயரை நானே சத்தமாக வாசித்தேன். நிருபர் புத்திசாலி, நேராக ஒன்றும் எழுதவில்லை. சொந்த ஊருக்கு எதிரே அந்த வீரரின் கால் தயங்கியது போலும் என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த 'போலும்' வரை வாசித்தேன். ஒருவரும் நிமிரவில்லை. எல்லாக் கைகளும் சுற்றிக்கொண்டே இருந்தன. சிரித்திருந்தால், ஏசியிருந்தால், புகையிலைக் காம்பை எடுத்து எறிந்திருந்தால் தாங்கியிருப்பேன். முன்வரிசையிலிருந்து அணித்தலைவரின் குரல் மட்டும் வந்தது.

"சரி, மற்றப் பக்கத்தை வாசி, தம்பி."

அன்று மத்தியானம் முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. தட்டி மெல்லியது என்றாலும் அன்று நான் வாங்கிலில் இருக்கவில்லை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"இனிமேல் அணியை நீ பார்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்னையா தலைவர் ஆக்குகிறார்? பிறகு விளங்கியது போல் இருந்தது. முதலாளி என்னை நம்புகிறார். பந்து தெரிந்த மனிதர், கால் வழுக்கியதைக் கண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு பேர் நம்பாதபோது ஒருவராவது நம்பினாரே என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அண்ணையிடம் போனேன்.

"நான் இதைக் கேக்கேல்லை அண்ணை."

"தெரியும். சட்டையள் தோய்ச்சு வைச்சிருக்கிறன், கொண்டுபோ."

அவர் விலகிப் போகவில்லை. இன்னும் ஐந்தாறு வருடம் எனக்குக் கீழே அதே பின்வரிசையில் விளையாடினார். எனக்குள்ளே அவரைப் பற்றி ஒரு மனத்தாங்கல் இருந்தது. எனக்காக வாக்குக் கொடுத்தவர், பிழைத்த பிறகு எனக்காக ஒரு சொல் சொல்லவில்லையே, முதலாளி அல்லவா நம்பினார் என்று. அந்தத் தாங்கல் வாயால் வராமல் வேறு வழியாக வந்தது. ஒரு ஆட்டத்தில் அவர் பந்தை முன்னால் தராமல் பக்கத்துக்குத் தட்டிவிட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணை, நான் சொல்லுற மாதிரி விளையாடுங்கோ, இல்லாட்டி வெளியாலை இருங்கோ" என்று சத்தம் போட்டேன்.

"ஓம் கப்டன்," என்றார் அவர். நக்கல் இல்லாமல் சொன்னார். அதற்குப் பிறகு நான் சொன்ன மாதிரியே விளையாடினார்.

கால் ஓய்ந்ததும் அவர் மனைவியின் ஊரான கொழும்புத்துறைக்குப் போய்விட்டார். நானும் விளையாட்டை விட்டுப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். முதலாளிக்கு வயது போய், அணியைக் கலைக்கிற முடிவுக்கு வந்தார். அது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தின கதைதான்; அந்தத் தண்டனை உதை நடந்து அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது. கிண்ணங்களை எல்லாம் அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பழைய கதைகள் வந்தன. போகிற போக்கில், வேறு ஏதோ கதைக்கு நடுவில் சொன்னார்:

"அந்தப் பெனால்டியோடை உன்னை நிப்பாட்டியிருப்பன். நிப்பாட்ட விட்டவன் ஆர்? உன்ரை கப்டன் வந்து, பக்கத்தை மாத்தி அடியெண்டு தான்தான் கை காட்டினதெண்டு நிண்டிட்டான். பிழை தன்ரையாம். பெடியன் சொன்னதைச் செய்தவனாம். பிழை விட்ட கப்டனை வைச்சிருக்கேலாதுதானே. அதுதான் உன்னை வைச்சனான்."

கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் கை காட்டவே இல்லை. நான் பந்தைப் பறித்த பிறகு அவர் என் பக்கமே வரவில்லை. முதலாளி என்னை நம்பினார் என்று இத்தனை வருடம் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவர் என்னை ஒரு நாளும் நம்பவில்லை. அந்தத் தலைவர் பதவி எனக்குக் கிடைத்தது இன்னொரு மனிதன் தன்னில் ஏற்றுக்கொண்ட பழியால். அந்த மனிதனைத்தான் நான் நடு மைதானத்தில் வெளியே இருக்கச் சொன்னேன். வெட்கம் என்றால் என்னவென்று அந்தத் தோளில் இருந்தபோது கற்றுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது முதலாம் பாடம்தான்.

அடுத்த நாள் கொழும்புத்துறைக்குப் போனேன். அவர் வளவில் ஆட்டுக்குத் தின்ன முள்முருக்கங் குழை கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது, வாய் மட்டும் அதே சிவப்பு. என்னைக் கண்டதும் வாங்கிலைத் துடைத்துவிட்டார். நான் இருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் எனக்குக் கை காட்டேல்லையே."

குழைக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். "முதலாளிக் கிழவன் சொல்லிப்போட்டானோ?" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கப்டனா இருந்திருக்க மாட்டாய். அணி குழம்பிப் போயிருக்கும்."

"அண்டைக்கு என்ரை கால் வழுக்கினதைக் கண்டுதானே எனக்காகக் கதைச்சனீங்கள்?"

அதற்கு அவர் சிரித்தார். "நான் எங்கை கண்டனான்? நீ ஓடத் துவங்கேக்கை நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டிட்டன். பாக்கப் பயமா இருந்தது. சனத்தின்ரை சத்தத்திலைதான் பந்து வெளியாலை போனது தெரியும்."

வாங்கிலில் இருந்துவிட்டேன். அப்படியானால் நான் வேண்டுமென்று அடித்தேனா, பிழைத்ததா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே முதலாளிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். இத்தனை வருடமும் தெரியாமலே இருந்திருக்கிறார். ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

"இப்ப கேளுங்கோ அண்ணை," என்றேன். "நான் சொல்லுறன். உங்களுக்கு எண்டாலும் சொல்லுறன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் கேட்டா நீ சொல்லுவாய். நீ சொன்ன பிறகு நான் நம்பிறதிலை என்ன இருக்கு? இவ்வளவு காலமும் கேளாமல்தானே நம்பினனான். அப்பிடியே இருக்கட்டும். இரு, தேத்தண்ணி கொண்டரச் சொல்லுறன்."

யாருக்குச் சொன்னாலும் ஒருவரும் நம்பாத அந்த உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லாமலே நம்பிய ஒரே மனிதர் எனக்கு முன்னால் குழை கட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். அந்த நடு மைதானத்துச் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை என்னிடம் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்: எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. புதன்கிழமை அந்தப் பெடியன் பயிற்சிக்கு வருவான். நான் விசாரித்துவிட்டேன், வருகிறான். வராமல் விட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்று அவனுக்கும் தெரியும். சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் தனியே நிற்பான். ஒருவரும் ஒன்றும் கேட்காதீர்கள். முதற் பந்தை அவனுக்குத் தட்டிவிடுங்கள்.